ப்ரோன்யுஸ் குத்தாவிச்சியுஸின் இசை ஏன் ஒரே இடத்தில் சுற்றுகிறது?

பால்டிக் கடலோர நாடான லித்துவேனியாவின் செவ்வியல் இசையைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, ஓவியராகவும் இசையமைப்பாளராகவும் இருந்து 1911-இல் 35 வயதிலேயே இறந்துபோன சுர்லியோனிஸ். இன்னொன்று ப்ரோன்யுஸ் குத்தாவிச்சியுஸ் (1932–2021). சுர்லியோனிஸைக் கேட்கப் பெரிய முன்தயாரிப்பு வேண்டாம். 'கடல்', 'காட்டில்' என்று பெயர் வைத்த ஆர்கெஸ்ட்ரா இசை, முதல் தடவையே பிடித்துவிடும். குத்தாவிச்சியுஸிடம் வரும்போதுதான் பலர் திகைத்துப் போகிறார்கள். நான்கைந்து சுரங்களுக்குள் ஒரு கோரஸ் விடாமல் சுற்றிச் சுற்றிப் பாடுகிறது, இடையில் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவிகள் கூப்பிடுகின்றன, ஒரு படைப்பில் கல்லோடு கல்லைத் தட்டுகிறார்கள், இதைத்தான் அந்த நாடு தன் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய இசைகளில் ஒன்றாகக் கொண்டாடுகிறது.

கேட்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் மூன்றுதான்.

1. இதில் மெட்டு எங்கே? ஏன் இவ்வளவு திரும்பச் சொல்லல்?
2. இது, சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அமெரிக்க மினிமலிசத்தின் பால்டிக் கிளையா?
3. ஒரு வெட்டுக்கிளியையும் ஓக் மரத்தையும் பற்றிப் பாடினால்கூட சோவியத் அதிகாரம் முகம் சுளித்ததாகச் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருந்தது?

மூன்றுக்கும் விடை ஒரே வேரில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அந்த வேரைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

## முதலில் அந்த நாடு

ஐரோப்பாவில் அரச அளவில் கடைசியாகக் கிறித்தவத்துக்கு மாறிய நாடு லித்துவேனியா. 1387-இல்தான் அதிகாரபூர்வ மதமாற்றம் நடந்தது. மேற்குப் பகுதியான ஜெமைத்தியா அதற்கும் பிந்தி 1413-இல் மாறியது. அதாவது இத்தாலியில் தாந்தே தன் காவியத்தை எழுதி முடித்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே ஓக் மரத்தையும் நெருப்பையும் பாம்பையும் வணங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கிறித்தவத்துக்கு முந்தைய வழிபாட்டை இனி பழஞ்சமயம் என்றே சொல்கிறேன்.

லித்துவேனியருக்கு உறவான வேறு பால்டிக் இனங்களும் அப்போது இருந்தன. பிரஷ்யர்கள், யோத்விங்கியர்கள். தியூட்டானிக் என்ற ஜெர்மானியச் சிலுவைப்படை வீரர்களும் சுற்றியிருந்த அரசுகளும் நடத்திய போர்களில் அவர்கள் நொறுங்கிப்போய், மொழியும் காலப்போக்கில் அழிந்தது. பிரஷ்யா என்ற பெயரை மட்டும் பிறகு ஜெர்மானிய அரசு ஒன்று எடுத்துக்கொண்டது. பெயர் மிஞ்சியது, பெயருக்கு உரியவர்கள் மிஞ்சவில்லை. லித்துவேனியரும் லாத்வியரும் மட்டும் தப்பினார்கள். இந்த உணர்வு, நாமும் இப்படி அழிந்திருக்கலாம் என்ற உணர்வு, குத்தாவிச்சியுஸின் படைப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1940-இல் சோவியத் ஒன்றியம் நாட்டை இணைத்துக்கொண்டது. நடுவில் ஜெர்மன் ஆக்கிரமிப்பு, 1944-இல் மறுபடி சோவியத். 1990 மார்ச் 11-இல்தான் சுதந்திரம் மீண்டதாக அறிவித்தார்கள். குத்தாவிச்சியுஸின் முக்கியமான படைப்புகளில் பெரும்பகுதி அந்த இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டது.

## சுத்தார்த்தினே: இரண்டு குரல் மோதும் பாட்டு

வடகிழக்கு லித்துவேனியாவில், அவுக்ஷ்தாய்த்தியா என்ற பகுதியில், பெண்கள் பாடிவந்த ஒரு பழைய பாடல் வகைக்கு சுத்தார்த்தினே என்று பெயர். ஒத்துப்போவது, இணங்குவது என்ற பொருள்தரும் வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. குத்தாவிச்சியுஸைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1. மெட்டின் அகலம் மிகக் குறைவு. இரண்டு சுரம், மூன்று சுரம், அதிகம் போனால் ஐந்து. மேலே ஏறி இறங்கும் நீண்ட மெட்டு என்ற எண்ணமே இதில் இல்லை.

2. இரண்டு குரல்கள் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ச பாடும்போது கூடவே ஒருவர் ரி பாடினால் எப்படி இருக்கும்? நமக்குப் பிசிறு போலத் தோன்றும். அந்தப் பெண்களுக்கு அதுதான் அழகு. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது ஒரு மணி அடித்து அதிர்வது போன்ற ரீங்காரம் வருகிறது. ஒத்துப்போதல் என்று அவர்கள் பெயர் வைத்தது இந்த மோதலுக்குத்தான்.

3. மூவர் பாடும் வகையில் ஒருவர் பொருளுள்ள வரியைப் பாடி முடித்து, பல்லவி போன்ற அசைச்சொற்களுக்குப் போகும்போது அடுத்தவர் அதே வரியைத் தொடங்குகிறார். இரண்டாமவர் அசைச்சொற்களுக்குப் போகும்போது மூன்றாமவர் தொடங்க, முதலாமவர் நிறுத்திவிடுகிறார். இப்படி எப்போதும் இரண்டு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் எந்த இரண்டு என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஒரே வரியை இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவர் தொடரும் இந்த முறைக்கு மேற்கத்திய இசையில் கேனன் என்று பெயர்.

4. நால்வர் பாடும் வகையில் இரண்டு ஜோடிகள். ஒரு ஜோடி பாட, மற்றொன்று வாங்கித் தொடரும்.

5. 'ராத்திலியோ', 'தவுனோ', 'சொதவுத்தோ' போன்ற அசைச்சொற்கள் ஏராளம். அகராதியில் தேடிப் பயனில்லை. அவை தாளத்தையும் ஒலியையும் பிடித்து நிற்கும் தூண்கள்.

இந்தப் பாட்டுக்குத் தொடக்கமோ உச்சமோ முடிவோ கிடையாது. சக்கரம் போலச் சுற்றும், ஓரிடத்தில் நின்றுவிடும். கருவியிசையிலும் இதே புத்திதான்: ஸ்குதுச்சியாய் என்ற மரக்குழல்களில் ஒவ்வொரு குழலும் ஒரே ஒரு சுரம்தான் தரும். ஆளுக்கு ஒன்றிரண்டு குழலை வைத்துக்கொண்டு, தன் முறை வரும்போது ஊதுவார்கள். ஒருவர் மட்டும் ஊதினால் அது இசையே ஆகாது. எல்லோரும் சேர்ந்தால்தான் உருவம் வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் கிராமங்களில் இந்தப் பாட்டு மங்கிவிட்டது. இனிமையான பிற்கால மெட்டுகளும் தேவாலயப் பாடல்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சேகரிப்பாளர்கள் எழுதி வைத்ததால் காகிதத்தில் தப்பித்தது.

## ஆள் யார்

குத்தாவிச்சியுஸ் 1932 செப்டம்பர் 13-ஆம் தேதி, பனெவேஜீஸ் நகரத்துக்கு அருகில் மொலாய்னியாய் என்ற கிராமத்தில் பிறந்தவர். தலைநகர் வில்னியுஸின் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) அந்தானாஸ் ராச்சியூனாஸிடம் இசையமைப்புப் படித்து 1964-இல் முடித்தார். அப்போதே வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதிவேக மேதைக் கதை எதுவும் இங்கே இல்லை. வில்னியுஸில் சுர்லியோனிஸ் பெயரிலான கலைப்பள்ளியில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் உலகறிந்த இசையமைப்பாளரான ஓனுத்தே நர்புத்தாய்த்தே முதலில் இசையமைப்புக் கற்றது இவரிடம்தான். 2021 செப்டம்பர் 29-ஆம் தேதி, 89 வயதில் இறந்தார்.

தொடக்கத்தில் அவரும் மற்றவர்களைப் போலப் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்தும் பன்னிரு சுர முறை முதலான அக்காலப் புதுமைகளைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் அவருடைய வழி திறந்தது ஒரு கவிஞரோடு சேர்ந்தபோது. சிகித்தாஸ் கேதா (1943–2008) என்ற அந்தக் கவிஞர் மரம், பறவை, புழு, மண் எல்லாவற்றுக்கும் உயிரும் குரலும் கொடுத்து எழுதியவர். வாக்கியங்களைவிடச் சொற்களையே மந்திரம் போல அடுக்கும் அவருடைய கவிதைக்கு நீண்ட மெட்டு பொருந்தாது. சுற்றும் மெட்டுதான் பொருந்தும். இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'இயற்கையே கடவுள் ஒரட்டோரியோ' (1970) தான் முதல் பெரிய அடி.

ஒரட்டோரியோ என்பது நடிப்பும் வேடமும் இல்லாமல், தனிப்பாடகர்களும் கோரஸும் கருவிகளும் சேர்ந்து ஒரு பெரிய பொருளைப் பாடும் வடிவம். ஐரோப்பாவில் பெரும்பாலும் பைபிள் கதைகளுக்காக வளர்ந்தது. அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் பைபிளுக்கு முந்தைய உலகத்தை வைத்தார் குத்தாவிச்சியுஸ். படைப்பு அதிகார வட்டாரத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது, பல ஆண்டுகள் மேடைப்பக்கமே வரவில்லை. 1982-இல் ஷாரூனாஸ் நாக்காஸ் என்ற இளைஞர் வில்னியுஸ் புதிய இசைக் குழுவைத் தொடங்கி, இந்த மாதிரிப் படைப்புகளைத் திரும்ப மேடையேற்றும் வரை அந்த மௌனம் நீடித்தது.

## சோவியத் விதி என்ன, அதில் ஓட்டை எங்கே

இங்கேதான் மூன்றாவது சந்தேகம் வருகிறது. வெட்டுக்கிளியைப் பாடினால் என்ன பிரச்சினை? படிப்படியாகப் பார்த்தால் புரியும்.

1. சோவியத் கலைக்கொள்கையின் சூத்திரம்: உள்ளடக்கத்தில் சோசலிசம், வடிவத்தில் தேசியம். அதாவது நாட்டுப்புற மெட்டைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தவே வேண்டும். ஆனால் அதைக் குளிப்பாட்டி, பெரிய கோரஸில் இனிய சுரச்சேர்க்கையில் வைத்து, சிரித்த முகத்தோடு பாட வேண்டும். நிகழ்காலம் மகிழ்ச்சியானது என்று அது சொல்ல வேண்டும்.

2. தேவாலய இசை எழுதுவது ஆபத்து. அரசு அதிகாரபூர்வமாக நாத்திக அரசு. வில்னியுஸின் பேராலயமே 1956 முதல் ஓவியக்கூடமாக மாற்றப்பட்டு, அங்கே ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பெரிய தேவாலயக் கருவி) கச்சேரிகள் நடந்துவந்தன.

3. சுதந்திர லித்துவேனியாவின் வரலாற்றை நேரடியாகப் பாடுவது அதைவிட ஆபத்து.

4. மேற்கின் நவீன இசை 'வடிவவாதம்', அதாவது மக்களுக்குப் புரியாத வெறும் வடிவ விளையாட்டு, என்ற குற்றச்சாட்டை வாங்கித் தரும்.

சரி, இந்த நான்கு சுவர்களுக்கு நடுவே மிச்சம் என்ன? பழஞ்சமயம். அது தேவாலயம் இல்லை, அரசு வரலாறும் இல்லை, மேற்கும் இல்லை. நாட்டுப்புறம் என்ற தலைப்புக்குள் அடங்கும். தணிக்கை செய்பவரின் பட்டியலில் அதற்குத் தனிப் பெட்டி இல்லை. அதே சமயம் கேட்பவர்களுக்கு அது எல்லாமாகவும் இருந்தது: ரஷ்யாவுக்கு முன்பிருந்த நிலம், யாரும் எடுத்துக்கொள்ள முடியாத முன்னோர், சடங்கு, வழிபாடு.

அதிகாரம் இதை முழுக்க அறியாமல் இருந்ததாக நினைக்க வேண்டாம். 1967-இல் கெர்னவே என்ற பழைய தலைநகரத்தில் இளைஞர்கள் கோடைச் சங்கராந்தியைப் பழைய முறையில் கொண்டாடத் தொடங்கினார்கள். நாட்டார் மரபைத் தேடிக் கிராமம் கிராமமாக அலைந்த அந்த இயக்கத்தை 1970களின் தொடக்கத்தில் நெருக்கி ஒடுக்கினார்கள். 1972 மே 14-இல் கவுனாஸ் நகரத்தில் ரோமாஸ் கலாந்தா என்ற 19 வயது இளைஞர் ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார், தெருவில் கலவரம் வெடித்தது. அதற்குப் பிறகு எது 'வெறும் நாட்டுப்புறம்', எது அரசியல் என்ற கோடு இன்னும் இறுகியது. குத்தாவிச்சியுஸ் எழுதியது அந்தக் கோட்டின் மேலேயே நின்று.

## பழஞ்சமயத்தாரின் கடைசிச் சடங்குகள் (1978)

அவருடைய ஒரே ஒரு படைப்பைத்தான் கேட்க முடியும் என்றால் இதைக் கேட்க வேண்டும். கேதாவின் சொற்கள், ஒரு சோப்ரானோ (மிக உயர்ந்த பெண் குரல்), கோரஸ், நான்கு ஹார்ன், ஒரு ஆர்கன். அவ்வளவுதான். ஆர்கெஸ்ட்ரா இல்லை, வயலின் இல்லை, முரசு இல்லை.

பகுதிகளின் பெயர்களே ஒரு சடங்கின் வரிசை: பச்சை வெட்டுக்கிளியை அழைப்பது, மெத்வேகாலிஸ் குன்றைப் போற்றுவது, பாம்பை மந்திரத்தால் கட்டுவது, ஓக் மரத்தை வணங்குவது. மெத்வேகாலிஸ் கற்பனை மலை இல்லை, ஜெமைத்தியாவில் இன்றும் நிற்கும் உண்மையான குன்று. கடைசியாக மதம் மாறிய பகுதியின் குன்று என்பது லித்துவேனியருக்குச் சொல்லாமலே தெரியும். பாம்பு அங்கே வீட்டுக்கு நல்லது செய்யும் உயிர், அதற்குப் பால் வைத்த வழக்கம் உண்டு. ஓக் மரம் இடிக்கடவுள் பெர்கூனாஸுக்கு உரியது.

இசை எப்படி வேலை செய்கிறது?

கோரஸுக்குக் கொடுக்கப்படுவது மிகச் சின்ன ஒரு மெட்டுத் துணுக்கு. ஒரு குழு அதைத் தொடங்க, அடுத்த குழு கொஞ்சம் தள்ளித் தொடங்க, மூன்றாவது இன்னும் தள்ளி. சுத்தார்த்தினேவின் அதே சக்கரம்தான், ஆனால் மூன்று பேருக்குப் பதில் ஒரு கூட்டமே பாடுகிறது. துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது பக்கத்துச் சுரங்கள் மோதி, சொற்கள் கரைந்து, காட்டுக்குள் நின்று எல்லாப் பக்கமும் பூச்சிகளின் இரைச்சலைக் கேட்பது போன்ற ஒலிப்பரப்பு உருவாகிறது. ஒரு துணுக்கைத் தனியாக எடுத்தால் ஐந்து வயதுக் குழந்தை பாடிவிடும். எல்லாம் சேரும்போது உடம்பு சிலிர்க்கிறது. இந்த வித்தியாசத்தில்தான் அவருடைய திறமை முழுவதும் இருக்கிறது என்பேன்.

அவருடைய இசைத்தாளைப் பார்த்தாலும் இது தெரியும். மற்றவர்கள் இடமிருந்து வலமாகக் கோடுகளில் எழுதுவதை அவர் சில இடங்களில் வட்டமாக வரைந்திருக்கிறார். அழகுக்காக வரைந்த படம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. வட்டத்தில் எழுதினால் பாடகர் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம், ஒருவர் பின் ஒருவர் சுற்றலாம், 'கடைசி வரி' என்ற ஒன்றே தாளில் இருக்காது. பாடுவதும் அப்படித்தான்: பாடகர்கள் மேடையில் வரிசையாக நின்று பார்வையாளரைப் பார்த்துப் பாடுவதில்லை, அவர்களைச் சுற்றி நகர்கிறார்கள். கச்சேரி கேட்க வந்தவர் சடங்கின் நடுவில் உட்கார்ந்திருப்பதைத் திடீரென்று உணர்கிறார்.

அப்புறம் அந்த முடிவு. படைப்பு முழுக்க ஒதுங்கியிருந்த ஆர்கன், இறுதியில் ஒரு தேவாலயப் பாட்டின் நடையில் உள்ளே வருகிறது. ஆர்கன் என்றால் அந்த ஊரில் ஒரே பொருள்தான்: தேவாலயம். மரத்தை வணங்கும் கோரஸ் தன் துணுக்கை விடாமல் பாடிக்கொண்டே இருக்கிறது, ஆர்கன் அதற்குப் பதில் சொல்வதில்லை, சண்டையும் போடுவதில்லை, மேலே ஏறி மூடிவிடுகிறது. குரல்கள் அதற்குள் அமிழ்ந்து தேய்கின்றன.

இந்த முடிவுதான் படைப்பைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது, அதுதான் அதை ஆபத்தாகவும் ஆக்கியது. தணிக்கைக்காரர் காதில் இது மதத்துக்கு எதிரான படைப்பு: பாருங்கள், தேவாலயம் எப்படி மக்கள் பண்பாட்டை நசுக்கியது என்று. நாத்திக அரசுக்கு அதில் மறுக்க என்ன இருக்கிறது? அரங்கில் உட்கார்ந்திருந்தவர் காதிலோ அது வேறு கதை: வெளியிலிருந்து வந்த ஒரு பெரிய சக்தி, சின்ன மக்களின் குரலை அவர்கள் வாய் மூடாமலே கேட்காமல் ஆக்குகிறது. 1978-இல் அந்தச் சக்தி எது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே சுரங்கள், இரண்டு பொருள்.

## கல், மரம், சமஸ்கிருதம்

'இயற்கையே கடவுள் ஒரட்டோரியோ'வும் 'கடைசிச் சடங்குகள்' படைப்பும் ஐந்து ஒரட்டோரியோக்கள் கொண்ட வரிசையின் பகுதி. மற்றவை 'யோத்விங்கியர் கல்லிலிருந்து' (1983), 'உலக மரம்' (1986), 'சமஸ்கிருதத்தின் மாய வட்டம்' (1990).

யோத்விங்கியர் என்பது மேலே சொன்ன அழிந்த இனம். அவர்கள் மொழியில் மிஞ்சியது மிகச் சில சொற்கள், ஊர்ப் பெயர்கள், ஆற்றுப் பெயர்கள். செத்துப்போன ஒரு மொழிக்கு எப்படி இசை எழுதுவது? குத்தாவிச்சியுஸ் செய்தது: கற்களைத் தட்டும் ஒலியில் தொடங்கி, நாட்டுப்புறக் கருவிகளைச் சேர்த்து, மிஞ்சிய சொற்களை முணுமுணுப்பாகவும் துண்டுகளாகவும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, அந்த ஒலிக்குவியலிலிருந்து மெல்ல மெல்ல ஒரு முழுமையான லித்துவேனிய நாட்டுப்பாடல் எழுந்து வரும்படி அமைத்தார். இதில் திரும்பச் சொல்லல் என்பது நினைவுபடுத்திக்கொள்ள முயலும் ஒருவரின் செயல் போல இருக்கிறது. மறந்த சொல்லை வாயில் உருட்டிப் பார்ப்பது போல.

கடைசி ஒரட்டோரியோவில் சமஸ்கிருதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. காரணம் மொழியியல். இன்று பேசப்படும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் லித்துவேனியம் பழைய வடிவங்களை மிக அதிகமாகக் காத்து வைத்திருக்கும் மொழிகளில் ஒன்று. நெருப்புக்கு உக்னிஸ், கடவுளுக்கு தியேவாஸ், மகனுக்கு சூனுஸ், ஆணுக்கு வீராஸ். அக்னி, தேவ, சூனு, வீர என்று வடசொல் அறிந்த தமிழருக்கு உடனே அடையாளம் தெரியும். இதை வைத்து லித்துவேனியம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்று சொல்வது தவறு. இரண்டும் ஒரே பழைய மூலத்தின் தனித்தனிக் கிளைகள். குத்தாவிச்சியுஸுக்கு இந்த ஒற்றுமை பயன்பட்டது வேறு விதத்தில்: யோத்விங்கியர் வரை தோண்டியவர், அதற்கும் கீழே போனால் என்ன கிடைக்கும் என்று பார்த்து ரிக் வேத வரிகளை எடுத்துக்கொண்டார். வரிசை 1970-இல் தொடங்கி, நாடு சுதந்திரம் அறிவித்த அதே 1990-இல் முடிந்தது.

இந்தியத் தொடுப்பு இன்னொன்றும் உண்டு. 1978-இலேயே ரவீந்திரநாத் தாகூரின் சொற்களுக்கு 'காட்டு நிழலில் இரண்டு பறவைகள்' என்ற படைப்பை எழுதியிருக்கிறார்: ஒரு குரல், ஓபோ என்ற ஊதுகருவி, கம்பிகளுக்கிடையே பொருள்களைச் செருகி ஒலி மாற்றிய பியானோ, ஒலிநாடா.

## அப்படியானால் இது மினிமலிசமா?

மினிமலிசம் என்பது 1960களில் அமெரிக்காவில் டெர்ரி ரைலி, ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் போன்றோர் உருவாக்கிய போக்கு. சிறு துணுக்கு, சீரான துடிப்பு, நீண்ட திரும்பச் சொல்லல், மெதுவான மாற்றம். வெளிப்பார்வைக்கு குத்தாவிச்சியுஸும் இதையேதான் செய்கிறார். ஆனால் வந்த வழி வேறு.

கிளாஸ் 1960களின் நடுவில் பாரிஸில் ரவி சங்கரோடு வேலை செய்து தாளக்கணக்கின் வேறொரு வழியைக் கற்றார். ரைக் 1970-இல் கானாவுக்குப் போய் முழவிசை படித்தார். தங்கள் மரபில் இல்லாததைத் தேடி வெளியே போனவர்கள் அவர்கள். குத்தாவிச்சியுஸ் எங்கும் போகவில்லை, போகவும் விட்டிருக்க மாட்டார்கள். அவர் பிறந்த பகுதியின் மண்ணிலேயே இந்தச் சக்கரம் புதைந்து கிடந்தது. இசையின் நோக்கத்திலும் வேறுபாடு இருக்கிறது. ரைக்கின் ஆரம்பகாலப் படைப்பில் கேட்பவர் கவனிக்க வேண்டியது மாற்றம் நடக்கும் முறையை. குத்தாவிச்சியுஸிடம் முறை ஒளிந்துகொள்கிறது, அழைக்கப்படும் மரமோ பாம்போ முன்னால் வருகிறது.

எஸ்தோனியாவின் ஆர்வோ பார்த்தோடு ஒப்பிடுவதும் வழக்கம். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே ஆட்சியின் கீழ் எளிமைக்குத் திரும்பியவர்கள், அதுவும் 1970களில். ஆனால் பார்த் திரும்பியது தேவாலயத்தின் பழைய ஒற்றைக்குரல் பாட்டுக்கு. அவர் இசையில் மௌனமும் வேண்டுதலும் அதிகம். குத்தாவிச்சியுஸ் திரும்பியது தேவாலயம் வருவதற்கு முந்தைய காலத்துக்கு. அவர் இசையில் மண்ணும் இரைச்சலும் கூட்டமும் இருக்கிறது. பார்த் உலகப் புகழ் பெற்ற அளவுக்கு இவர் பெறவில்லை. ஒலிப்பதிவில் முழுதாகப் பிடிபடாத, பாடகர்கள் சுற்றி நகர வேண்டிய இசை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வருத்தம்தான்.

## விடுதலைக்குப் பிறகு

1980களின் இறுதியில் பால்டிக் நாடுகளில் நடந்த போராட்டத்துக்குப் பாடும் புரட்சி என்றே பெயர். 1989 ஆகஸ்ட் 23-இல் வில்னியுஸிலிருந்து எஸ்தோனியத் தலைநகர் தாலின் வரை மூன்று நாட்டு மக்கள் கைகோத்து நின்றார்கள். லித்துவேனிய இயக்கத்தின் தலைவர் வீத்தாவுத்தாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் தொழிலால் இசையியலாளர், சுர்லியோனிஸைப் பற்றி ஆழமாக எழுதியவர். இசையும் அரசியலும் அங்கே எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இந்த ஒரு விஷயம் போதும்.

எதிர்க்க ஒரு சுவர் இருந்தவரை பலம் பெற்ற கலைஞர்கள், சுவர் விழுந்ததும் தடுமாறுவது உண்டு. குத்தாவிச்சியுஸ் தடுமாறவில்லை, திசையை விரித்தார். 'ஜெருசலேமின் வாயில்கள்' (1991–1995) என்ற நான்கு பகுதிப் படைப்பில், பைபிளின் வெளிப்பாடு நூலில் வரும் நான்கு திசை வாயில்களை எடுத்துக்கொண்டு, கிழக்குக்கு ஜப்பானிய இசை, வடக்குக்கு ஆவிகளை அழைக்கும் பூசாரிகளான ஷாமன்களின் வடதேச மரபு, தெற்குக்கு ஆப்பிரிக்கா, மேற்குக்கு கிறித்தவப் பாட்டு என்று அமைத்தார். எதிரியாக ஒருகாலத்தில் ஆர்கனில் வந்து நின்ற கிறித்தவம் இங்கே நான்கு வாசல்களில் ஒன்று. 1998-இல் வில்னியுஸ் நகரத்தின் வரலாற்றைத் தொடும் 'கடந்துபோகும் காலத்துக்கு ஒரு கல்லறை வாசகம்', 2000-இல் 'லோக்கிஸ்' என்ற ஓபரா. லோக்கிஸ் என்றால் கரடி. பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமே லித்துவேனியாவைக் களமாக வைத்து 1869-இல் எழுதிய கதை அதன் மூலம்: கரடி தாக்கிய தாய்க்குப் பிறந்த ஒரு பிரபு, பாதி மனிதனா பாதி விலங்கா என்ற ஐயம். பிரெஞ்சுக்காரருக்கு அது தொலைதூர நாட்டுத் திகில் கதை. குத்தாவிச்சியுஸ் கையில் அது உள்ளூர்க் காடு திரும்பி வந்து கதவைத் தட்டும் கதை.

அவருக்குப் பின் வந்தவர்களில் நாக்காஸும் ரீத்திஸ் மஜூலிஸும் திரும்பச் சொல்லலை இயந்திரத்தின் கறார்த்தன்மை வரை கொண்டுபோனார்கள். மஜூலிஸின் கேனன்களில் சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய இடைவெளிகள்கூட மோதுகின்றன. 1982-இல் பிறந்த யுஸ்தே யானுலீத்தே ஒரே வகைக் கருவிகளை மட்டும் வைத்து, நகர்வதே தெரியாமல் நகரும் ஒலியடுக்குகளை எழுதுகிறார். யாரும் குத்தாவிச்சியுஸைப் போலப் பாம்பையும் மரத்தையும் அழைப்பதில்லை. ஆனால் வேகமாக எங்கும் போய்ச்சேர வேண்டியதில்லை என்ற துணிவு எல்லோரிடமும் இருக்கிறது.

## எங்கிருந்து கேட்கத் தொடங்குவது

1. முதலில் ஏதாவது ஒரு சுத்தார்த்தினே, இரண்டே நிமிடம் போதும். மோதும் இரண்டு குரலுக்குக் காது பழகட்டும்.

2. அடுத்து 'பழஞ்சமயத்தாரின் கடைசிச் சடங்குகள்'. மெட்டைத் தேடாமல், ஒரு துணுக்கு எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்குப் போகிறது என்று மட்டும் பின்தொடருங்கள். பாடகர்கள் நடப்பது தெரியும் காணொளி கிடைத்தால் அதுவே நல்லது. ஆர்கன் எப்போது நுழைகிறது என்று கவனித்தால், பெரும்பாலும் அது நுழைந்து சற்று நேரம் ஆன பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

3. அதற்குப் பிறகு 'யோத்விங்கியர் கல்லிலிருந்து'. தொடக்கத்தின் கல் தட்டலில் பொறுமை இழந்து நிறுத்திவிட வேண்டாம். கடைசியில் அந்தப் பாட்டு வரும்போது, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களாகக் கேட்பீர்கள்.